தெருச் சுவரோவியமும் வெயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயிலில் பெயிண்ட் ஏன் கெடுகிறது?

பெயிண்டில் சுவரில் நிலைப்பவை முக்கியமாக இரண்டு: நிறம் தரும் நிறமி, அந்த நிறமியைச் சுவரோடு பிடித்துவைக்கும் பைண்டர். வெயில் இரண்டையும் தாக்குகிறது, ஆனால் ஒரே விதமாக அல்ல.

தரைக்கு வந்து சேரும் சூரிய ஒளியில் சுமார் 295 முதல் 400 நானோமீட்டர் வரையிலான பகுதி புற ஊதா. மொத்த ஆற்றலில் இது ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஆனாலும் பைண்டரின் வேதிப் பிணைப்புகளை அறுக்க இந்தக் கதிருக்கு வலு உண்டு. அறுந்த இடத்தில் உருவாகும் தனி உறுப்புகள் (சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அடுத்தடுத்த பிணைப்புகளையும் அறுத்துக்கொண்டே போகும். பூச்சு மெல்ல விறைத்து, மேல்பரப்பு நொறுங்கி, தொட்டால் கையில் மாவாக ஒட்டும்.

நிறமியின் கதை வேறு. அதைப் புற ஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஊதா, நீல ஒளியும் சிதைக்கும். வார்னிஷ் பற்றிய பாதிக் குழப்பம் இதை மறப்பதால் வருகிறது.

என் ஓவியம் வெளுத்துவிட்டது. போனது நிறமியா, பைண்டரா?

எதையும் வாங்குவதற்கு முன் இதைக் கண்டுபிடியுங்கள். தீர்வு முழுக்க இதைப் பொறுத்தது.

சுவரில் உள்ளங்கை அளவு இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். நனைந்ததும் பழைய நிறம் பளிச்சென்று திரும்பினால் நிறமி உயிரோடு இருக்கிறது. மேலே சிதைந்த பைண்டர்தான் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டுகிறது. இதை மீட்கலாம். நனைத்த பிறகும் சோகையாகவே இருந்தால் நிறமி போய்விட்டது. அதை எந்த பாலிஷும் கிளியர் கோட்டும் (நிறமில்லாத மேல்பூச்சு) திருப்பித் தராது. அந்த இடத்தில் மறுபடி வரைவதுதான் வழி.

அடுத்து, காய்ந்த இடத்தில் ஒரு கருப்புத் துணியை அழுத்தி ஒருமுறை தேயுங்கள். துணியில் வெள்ளையாகவோ நிறமாகவோ பொடி ஒட்டினால் மாவு பூத்திருக்கிறது. ஒளிபுகும் டேப்பை ஒட்டி உரித்தும் பார்க்கலாம். டேப்பில் பொடி வந்தால் மேல்பரப்புச் சிதைவு. செதிலாக வந்தால் பூச்சே சுவரை விட்டுக் கிளம்புகிறது. செதில் வருவதற்கு வெயிலைவிட ஈரமோ பிரைமரோ (அடிப்பூச்சு) காரணமாக இருப்பதே அதிகம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நல்ல இடம் குழாய்க் கிளாம்பின் அடிப்பகுதி, பெயர்ப்பலகையின் பின்புறம் போன்ற வெயில் படாத மூலைகள். கிளாம்பைக் கழற்றினால் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு முதல் நாள் ஆரஞ்சு அப்படியே இருக்கும். அதற்கு வெளியே அதே ஆரஞ்சு வெளிறிய மண் நிறமாக நிற்கும். எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

எந்த நிறங்கள் முதலில் போகும்?

"சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் போகும்" என்பது பாதி உண்மை. செங்காவியும் சிவப்புதான், மஞ்சள் காவியும் மஞ்சள்தான். இரண்டும் இரும்பு ஆக்சைடு என்பதால் வெயிலுக்கு அசைவதில்லை. பார்க்க வேண்டியது டப்பாவில் எழுதிய நிறத்தின் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் நிறமியை.

நிறமிகளுக்கு உலகம் முழுக்கப் பொதுவான எண் உண்டு. பிஆர் என்றால் சிவப்பு, பிஒய் மஞ்சள், பிஓ ஆரஞ்சு, பிபி நீலம், பிஜி பச்சை, பிவி ஊதா. தரமான பெயிண்டின் தொழில்நுட்பத் தாளில் இந்த எண் இருக்கும்.

நம்பி எடுக்கக்கூடியவை: பிஆர் 101 (செங்காவி), பிஒய் 42 (மஞ்சள் காவி), பிபி 15 (தாலோ நீலம்), பிஜி 7 (தாலோ பச்சை), பிஜி 17 (குரோமியம் ஆக்சைடு பச்சை), பிஒய் 184 (பிஸ்மத் வனடேட்). பளிச்சென்ற சிவப்பு வேண்டுமானால் பிஆர் 254. இளஞ்சிவப்பு, மெஜந்தா பக்கம் பிஆர் 122. கரிக் கருப்பு இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. கரியே புற ஊதாவை விழுங்குவதால் தன்னைச் சுற்றியுள்ள பைண்டரையும் காக்கிறது. பல பழைய ஓவியங்களில் நிறமெல்லாம் போன பிறகும் கருப்புக் கோடு மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

தள்ளி வைக்க வேண்டியவை: பிஆர் 3, பிஒய் 1 போன்ற பழைய வகை அசோ நிறமிகள், ரோடமைன் சாயத்தில் செய்த பளீர் பிங்க், எல்லா நியான் நிறங்களும். நியான் என்பது ரெசின் துகளுக்குள் கரைத்த சாயம். சாயம் ஒளியை உறிஞ்சி ஒளியாகவே உமிழும். அந்த வேலையிலேயே சிதைந்தும் போகும். நேர் வெயிலில் வாரங்களில் மங்கத் தொடங்கும். ஒரு விழாவுக்கு வரையலாம், ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய சுவருக்கு வேண்டாம்.

பிஒய் 34 என்ற ஈயக் குரோமேட் மஞ்சளைப் பழைய கையிருப்பில் பார்த்தால் தொடாதீர்கள். வெயிலில் கருப்பதோடு அது நச்சும்கூட.

என் புல்வெளி நீலமாகிவிட்டது. எப்படி?

அந்தப் பச்சை தாலோ நீலத்தையும் பலவீனமான ஒரு மஞ்சளையும் கலந்து செய்தது. மஞ்சள் செத்தது, நீலம் நின்றது. ஊதாப் பூக்கள் நீலமாவதும் இதே கணக்குத்தான், அங்கே செத்தது பிங்க். முகங்களின் தோல் நிறம் சாம்பலாகப் போவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: வெள்ளையில் ஒரு துளி பலவீனமான மஞ்சளும் சிவப்பும் கலந்திருப்பார்கள்.

ஓவியம் முழுக்க ஒரே அளவில் மங்கினால் கண் அதை ஏற்றுக்கொள்ளும். ஒரு நிறம் மட்டும் போனால்தான் படம் கெடுகிறது. ஆகவே கலவையில் சேரும் எல்லா நிறமியும் ஏறத்தாழ ஒரே உறுதி கொண்டவையாக இருக்க வேண்டும். பச்சைக்கு பிஜி 7-உடன் பிஒய் 42 அல்லது பிஒய் 184. தோல் நிறத்துக்குக் காவி வகைகளோடு வெள்ளை, இது போதும்.

வெளிர் நிறங்கள் அடர் நிறங்களைவிடச் சீக்கிரம் போகுமா?

போகும். அடர் பூச்சில் மேல் அடுக்கு சிதைந்தாலும் கீழே அதே நிறமி நிறைய இருக்கிறது. வெள்ளையில் 2 சதவீதம் மட்டும் கலந்த பிங்கில் அந்தச் சேமிப்பு இல்லை. வெள்ளை நிறமி ஒளியைப் பூச்சுக்குள்ளேயே சிதறவிட்டு இருக்கும் கொஞ்ச நிறமியின் மேல் பல தடவை பட வைக்கவும் செய்கிறது. முழு அடர்த்தியில் நன்றாக நிற்கும் பிஆர் 112 போன்றவையே வெளிரில் ஏமாற்றிவிடும். எனவே ஒரு நிறமி எவ்வளவு தாங்கும் என்று கேட்கும்போது நீங்கள் பயன்படுத்தப் போகும் கலவை விகிதத்தில் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள்.

வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் கலந்து நிறம் செய்தால் போதாதா?

வெளிர் நிறத்துக்குப் போதும். அடர் நிறத்துக்காக ஸ்டெய்னரை ஊற்றிக்கொண்டே போவதுதான் தவறு. ஸ்டெய்னரில் நிறமியும் அதைக் கரைசலில் பிடித்துவைக்கும் பொருள்களும் இருக்கும், பைண்டர் கிட்டத்தட்ட இருக்காது. லிட்டருக்கு 30 முதல் 50 மி.லி.யைத் தாண்டினால் பூச்சு சரியாக இறுகாது, முதல் மழையில் கோடு கோடாக வழியும், வெயிலில் சீக்கிரம் மாவு பூக்கும். டப்பாவில் இதைவிடக் குறைந்த வரம்பு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அடர் நிறம் வேண்டுமானால் வெள்ளை குறைவாகவோ இல்லாமலோ வரும் டீப் பேஸை வாங்கி டிண்டிங் மெஷினில் கலக்கச் சொல்லுங்கள். எந்த நிறமியில் கலக்கிறார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

எந்த வகை பெயிண்ட் வெயிலுக்கு நல்லது?

வெளிச்சுவருக்கான முழு அக்ரிலிக் எமல்ஷன்தான் பொதுவான பதில். அக்ரிலிக் பைண்டர் புற ஊதாவை அதிகம் உறிஞ்சுவதில்லை. ஸ்டைரீன் கலந்த அக்ரிலிக் விலை குறைவு. ஆனால் ஸ்டைரீனின் வளைய அமைப்பு புற ஊதாவை வாங்கிக்கொள்வதால் மஞ்சளிக்கும், மாவு பூக்கும். உள்சுவர் எமல்ஷனும் டிஸ்டெம்பரும் வெளியே வேண்டவே வேண்டாம்.

பளபளப்பில்லாத மேட் வகையில் நிறமியும் நிரப்பிப் பொடியும் அதிகம், பைண்டர் குறைவு. அதனால் அதே தரத்தில் லேசாகப் பளபளக்கும் சாட்டின் வகை கூடுதலாகத் தாங்கும். சுவரோவியத்தில் பளபளப்பு கண்ணைக் கூசுமே என்றால் சாட்டினில் வரைந்து மேலே மேட் கிளியர் கோட் கொடுக்கலாம்.

எண்ணெய் சார்ந்த எனாமல் வெயிலில் விறைத்து வெடிக்கும். சிமெண்டின் காரம் அதைச் சோப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கவும் செய்யும். கம்பி, கதவு, ஷட்டருக்கு அது சரி. சுவருக்கு அல்ல.

சிலிகேட் பெயிண்ட் தனி வகை. அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-இல் காப்புரிமை பெற்ற முறை இது. பைண்டர் பொட்டாசியம் சிலிகேட். வெயில் அறுப்பதற்கு அதில் பிளாஸ்டிக் சங்கிலியே இல்லை, சுவரோடு வேதிவினை புரிந்து கல்லாகவே இறுகிவிடும். பல பத்தாண்டுகள் தாங்குவது இதற்குச் சாதாரணம். குறைகள் இரண்டு: ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் பிடிக்காது. காரத்தைத் தாங்கும் கனிம நிறமிகளை மட்டுமே ஏற்கும் என்பதால் பளீர் பிங்க், பளீர் ஊதா எல்லாம் கிடைக்காது.

ஸ்ப்ரே கேன் பெயிண்ட் எப்படி?

கேனுக்குள் இருப்பதில் பெரும்பகுதி கரைப்பானும் உந்து வாயுவும். சுவரில் தங்குவது மெல்லிய படலம். 400 மி.லி. கேன் ஒன்று சுமார் 2 சதுர மீட்டரை ஒருமுறை மூடும். அந்த ஒரே கோட்டோடு விட்டால் வெயிலுக்கு அது போதாது. பெரிய பரப்புகளை எமல்ஷனில் ரோலரால் நிரப்பி, கோடு, நிழல், மினுக்கு ஆகியவற்றை மட்டும் ஸ்ப்ரேயில் செய்வது பணத்துக்கும் நல்லது, ஆயுளுக்கும் நல்லது.

முதலில் மறைவது தூரத்திலிருந்து தூவிய மென்மையான ஓரங்கள். அங்கே படலமே கிடையாது, தனித்தனிப் புள்ளிகள்தான், ஒவ்வொன்றையும் வெயில் எல்லாப் பக்கமும் தாக்கும். கிளியர் கோட் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது.

எத்தனை கோட், எவ்வளவு கனம்?

1 லிட்டர் பெயிண்டை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப்படலம் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டப்பாவில் உள்ள திடப்பொருள் கன அளவில் 40 சதவீதம் என்றால் காய்ந்த பிறகு 40 மைக்ரான். இரண்டு கோட்டில் 80 மைக்ரான். சுவரோவியத்துக்கு இதைக் குறியாக வையுங்கள்.

அதே லிட்டரில் 300 மி.லி. தண்ணீர் கலந்தால் திடப்பொருள் 31 சதவீதமாக இறங்கும். அதே ஈரக் கனத்தில் ஒரு கோட் 31 மைக்ரான்தான். பெயிண்ட் மிச்சம் என்று தோன்றும், ஆயுள் குறைந்திருக்கும். தண்ணீர் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். வாட்டர்கலர் போல் ஒளி ஊடுருவும் தன்மை வேண்டுமானால் தண்ணீருக்குப் பதில் நிறமில்லாத அக்ரிலிக் மீடியத்தைக் கலந்து நீர்க்க வையுங்கள். நிறம் மெலியும், படலம் மெலியாது.

கிளியர் கோட் அடித்தால் நிறம் போகாதா?

தாமதமாகும், அவ்வளவுதான். புற ஊதா தடுப்பான் கலந்த கிளியர் கோட் அந்தக் கதிரை விழுங்கி வெப்பமாக மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் படமே தெரியாது. அந்த ஒளியே பலவீனமான நிறமியைச் சிதைக்கப் போதும். மட்டமான பிங்கை விலை உயர்ந்த வார்னிஷ் காப்பாற்றாது.

வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, புற ஊதா உறிஞ்சியோடு ஹால்ஸ் என்ற ஒளி நிலைப்படுத்தியும் இருக்கிறதா? உறிஞ்சி கதிரைத் தடுக்கும். தப்பி வந்த கதிர் உண்டாக்கும் தனி உறுப்புகளை ஹால்ஸ் அடக்கும். இரண்டாவது, பாலியூரித்தேன் என்றால் அலிபாட்டிக் வகையா? அரோமாட்டிக் வகை வெயிலில் மஞ்சளித்து ஓவியம் முழுக்கப் பழுப்பு ஏறும்.

உறிஞ்சியின் வேலை கனத்தைப் பொறுத்தது. 20 மைக்ரான் பூச்சு பாதிக் கதிரை நிறுத்துகிறது என்று வைத்துக்கொண்டால் 40 மைக்ரான் கால்பங்கை மட்டுமே உள்ளே விடும். எனவே ஒப்புக்கு ஒரு கோட் அடிப்பதில் பயனில்லை. கோட்டுக்கு லிட்டருக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் என்ற கணக்கில் இரண்டு கோட். ஓவியம் முடிந்து குறைந்தது ஒரு வாரம் விட்டு அடியுங்கள். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் பால் போல் வெளுக்கும். மேட் வகையில் மங்கலாக்கும் பொடி டப்பாவின் அடியில் படிந்திருக்கும். கிண்டாமல் எடுத்தால் முதல் பாதி பளபளக்கும், கடைசிப் பாதி வெள்ளைத் திட்டாக நிற்கும். கிண்டுங்கள், குலுக்காதீர்கள். குலுக்கினால் குமிழி.

கரைப்பான் சார்ந்த கிளியர் கோட் ஸ்ப்ரே பெயிண்டைக் கரைத்து இழுத்துவிடலாம். மூலையில் ஒரு அடி அடித்து மறுநாள் பார்த்த பிறகே மீதிக்குப் போங்கள்.

சுவர் எந்தத் திசையைப் பார்த்தால் பாதிப்பு அதிகம்?

நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளியுள்ள இடங்களில் நிலநடுக்கோட்டைப் பார்க்கும் சுவருக்கு: வட அரைக்கோளத்தில் தெற்குச் சுவர், தென் அரைக்கோளத்தில் வடக்குச் சுவர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உச்சி வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கிவிடும். அங்கே காலை, மாலைச் சாய்வு வெயில் வாங்கும் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்குத்தான் அடி அதிகம். இரண்டில் மேற்கு மோசம், ஏனென்றால் வெயில் வரும்போது சுவர் ஏற்கெனவே சூடேறியிருக்கும்.

நிழல் சுவர் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். புற ஊதாவில் பெரும்பங்கு வானத்தில் சிதறி எல்லாப் பக்கமும் வருகிறது.

அடர் நிறம் அடித்த இடத்தில் மட்டும் விரிசல் ஏன்?

வெப்பம். நேர் வெயிலில் கருப்புப் பரப்பு 70 டிகிரி செல்சியஸை எட்டும், பக்கத்து வெள்ளை அதைவிட வெகு குறைவாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒரு பக்கம் விரிய மறுபக்கம் விரியாது. திடீர் மழை பெய்தால் ஒரே நிமிடத்தில் சுருங்கும். உலோக ஷட்டரில் இது இன்னும் கடுமை. பெரிய கருப்புப் பின்னணியை அடர் நீலமாகவோ அடர் பழுப்பாகவோ மாற்ற முடிந்தால் கொஞ்சம் குறையும்.

நல்ல வெயில் நேரத்தில் வரையலாமா?

கூடாது. சூடான சுவரில் மேல்பரப்பு உடனே தோல் கட்டும், உள்ளே பைண்டர் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர நேரம் கிடைக்காது. ரோலர் தடம் தெரியும், பிடிப்பு குறையும். சுவரின் மேல்பரப்பு 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும்போது வேலை செய்யுங்கள். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் எடுங்கள். பனி இறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

புதுச் சுவரில் உடனே வரையலாமா?

புது சிமெண்டின் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல். சில நிறமிகளை வெயிலுக்கு முன்பே இது தின்றுவிடும். பூசி 28 நாள் விடுங்கள். பிறகு சுவரை நனைத்து பிஎச் தாளை ஒட்டிப் பாருங்கள். 9 அல்லது 10-க்குக் கீழே வந்திருந்தால் காரம் தாங்கும் பிரைமர் ஒரு கோட் அடித்துத் தொடங்கலாம்.

வாங்குமுன் நாமே சோதிக்க முடியுமா?

முடியும், செலவும் இல்லை. பிரைமர் அடித்த சிமெண்ட் பலகையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 5 செ.மீ. அகலப் பட்டை, இரண்டு கோட். பக்கத்தில் அதே நிறம் வெள்ளையோடு 1:10 கலந்த பட்டை. பலகையின் பாதியை அலுமினியத் தாளால் இறுக்கமாக மூடி, நிலநடுக்கோட்டுப் பக்கம் பார்த்து 45 டிகிரி சாய்வில் மாடியில் வையுங்கள். சாய்வு என்பதால் செங்குத்துச் சுவரைவிட வேகமாகக் காட்டும். 3 மாதத்தில் தாளைத் திறந்து பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால் அந்த நிறம் பெரிய சுவருக்கு வேண்டாம்.

ஓவியர்களுக்கான பெயிண்டில் ஒளித்தாங்கு மதிப்பு போட்டிருக்கும். நீலக் கம்பளி அளவுகோலில் 8 உச்சம். வெளிச்சுவருக்கு 7 அல்லது 8 மட்டும் எடுங்கள். ஆனால் இந்த மதிப்பு நிறமியைப் பற்றியது. பைண்டர் மழையையும் வெயிலையும் தாங்குமா என்பதை அது சொல்லாது.

மாவு பூத்த ஓவியத்தை எப்படி மீட்பது?

மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையில் நிறம் திரும்பியிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். மென்மையான பிரஷ், கொஞ்சம் மிதமான சோப்பு, சாதாரண ஹோஸ் தண்ணீர். சுவரைக் கீழிருந்து மேலாக நனைத்துத் தேயுங்கள், மேலிருந்து கீழாக அலசுங்கள். மேலிருந்து நனைத்தால் அழுக்குநீர் காய்ந்த பரப்பில் கோடாக இறங்கித் தங்கிவிடும். பிரஷர் வாஷர் வேண்டாம், பொடியோடு படமும் போய்விடும்.

இரண்டு நாள் காய்ந்த பிறகு, ஊடுருவும் தன்மையுள்ள நீர் சார்ந்த அக்ரிலிக் சீலரை மெல்லியதாக அடியுங்கள். தளர்ந்த பொடியை அது பிணைக்கும். காய்ந்ததும் டேப் சோதனை. டேப் சுத்தமாக வந்தால்தான் டச்சப்பும் கிளியர் கோட்டும். பொடியின் மேலேயே கிளியர் கோட் அடித்தால் அது பொடியில்தான் ஒட்டும். சில மாதங்களில் தாள் தாளாக உரியும், ஓவியத்தையும் கையோடு கொண்டுபோகும்.

டச்சப்புக்குப் பழைய டப்பாவின் நிறத்தை அப்படியே எடுக்காதீர்கள், புள்ளி புள்ளியாகத் துருத்தும். இப்போது மங்கியிருக்கும் நிறத்துக்குக் கலந்து, கோடு முதல் கோடு வரை ஒரு வடிவத்தை முழுதாக அடியுங்கள்.

நிறம் முழுக்கப் போன பழைய ஓவியத்தைத் திரும்ப வரைய வேண்டுமா?

வரைந்தவர் இருந்தால் அவரைக் கேளுங்கள். முக்கியமான பழைய படைப்பு என்றால் மறுவரைவைவிட இருப்பதைக் காப்பதே நல்லது. லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ ஓவியர் டாவிட் அல்ஃபாரோ சிக்கேரோஸ் 1932-இல் வரைந்த ‘அமெரிக்கா ட்ராபிகல்’ சுவரோவியத்தில் அப்படித்தான் செய்தார்கள். போன நிறங்களைப் புதிதாக ஏற்றவில்லை. மிஞ்சியதை நிலைப்படுத்தி, மேலே வெயில் மறைப்புக் கூரை கட்டி, 2012-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். எந்த வார்னிஷைவிடவும் ஒரு நல்ல மறைப்புக் கூரை அதிகம் காக்கும். சிறிய ஓவியத்துக்கும் மேலே ஒரு அடி நீட்டல் போட முடிந்தால் மழைநீர் வழிவதையும் உச்சி வெயிலையும் ஒன்றாகத் தடுக்கலாம்.

மொத்தத்தில் எத்தனை ஆண்டு எதிர்பார்க்கலாம்?

கடும் வெயில் சுவரில், நல்ல நிறமியும் முழு அக்ரிலிக்கும் 80 மைக்ரானும் இருந்தால் 5 முதல் 10 ஆண்டு. நியான் சில மாதம். உள்சுவர் பெயிண்டை வெளியே அடித்தால் ஓரிரு ஆண்டில் தெரிந்துவிடும். கிளியர் கோட்டைப் படத்துக்கு முன்பே தேயப்போகும் பொருளாக நினைத்து, ஆண்டுக்கு ஒருமுறை டேப் ஒட்டிப் பார்த்து, பொடி வரத் தொடங்கியதும் கழுவி மறுகோட் கொடுங்கள்.

மீதியான பெயிண்டையும் கேன்களையும் எங்கே வைப்பது?

ஸ்ப்ரே கேன் 50 டிகிரிக்கு மேல் சூடானால் வெடிக்கலாம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். எமல்ஷன் மீதியைச் சிறிய டப்பாவுக்கு மாற்றி, காற்று இடைவெளி குறைய நிரப்பி, நிழலில் வையுங்கள். மூடியில் நிறமி எண், கலவை விகிதம், சுவரில் அடித்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். டச்சப்புக்கு வருபவர் முதலில் தேடுவது அந்தச் சீட்டைத்தான்.